தங்கைக்கு ஒரு மடக்குக்கத்தி

முகாமுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் செம்பூர் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். டார்ச், விசில், தொப்பி, தண்ணீர் பாட்டில், பழைய செய்தித்தாள் என்று போய்க் கடைசியில் சிறிய மடக்குக்கத்தி ஒன்று என்றிருந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இறங்கினார்கள். பதின்மூன்று வயது தங்கைக்கு நான் கத்தி வாங்கித் தர வேண்டும், அதை அம்மாவிடமும் சொல்ல வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று யோசித்தபடியே பஸ்ஸைத் தவறவிட்டேன்.

மாட்டுங்காவில் இருக்கிற ஒரு மலையேற்றக் குழு தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளை மும்பையைத் தாண்டிக் கர்ஜத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கவைக்கும். மாட்டுங்கா, செம்பூர், சான்பாடா பக்கம் பில்டிங்குகளில் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் வழக்கமாகப் போவார்கள். என் ஆபீசில் எதிர் மேஜைக்காரி வழியாக இதைக் கேள்விப்பட்டு, விடாமல் போன் செய்து என் தங்கைக்கு ஓர் இடம் பிடித்திருந்தேன். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா பூங்காவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தக் கத்தியால் ஒரு குச்சியைச் சீவிக் கூடார முளை செய்து காட்ட வேண்டும். செய்யத் தெரியாத பிள்ளையின் இடம், காத்திருக்கிற வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

எதிர் மேஜைக்காரியிடம் எங்கே நல்ல கத்தி கிடைக்கும் என்று கேட்டேன். அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தாள். கேலி என்றால் அவளுக்குத் தமிழ் போய் இந்தி வந்துவிடும்.

"அரே, தாராவி மே சாக்கூ கீ கமி ஹை க்யா?"

நாங்கள் இருக்கிற தாராவியில் கத்திக்கா பஞ்சம்! அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் முழுவதும் அந்த வாக்கியம் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்ததிலும் நான்தான் முதல், கல்லூரி முடித்ததிலும் நான்தான் முதல். யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிஷத்துக்குள் அதைச் சொல்லிவிடுவேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. வாங்குகிற கத்தி பார்த்தவுடனே பள்ளிக்கூடப் பிள்ளையின் கத்தியாகத் தெரிய வேண்டும், யாரும் அதைப் பார்த்து வேறெதுவும் நினைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். விலையும் அவளுடைய பள்ளிக்கூட ஷூவின் விலையைத் தாண்டக் கூடாது.

அம்மாவிடம் சொன்ன நேரம் சரியில்லை. அம்மா மாட்டுங்காவில் உள்ள ஒரு மெஸ்ஸுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறாள். மூட்டை தினமும் சாயங்காலம் கைவண்டியில் வரும். கோஸும் பீன்ஸும் வெங்காயமும் தரையில் குவிந்து கிடக்க, இரண்டு அருவாமணைகளில் அம்மாவும் தங்கையும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லாமல் நான் வாசல்படியிலேயே நின்று சொன்னேன்.

"என்னத்துக்குட்டி கத்தி? அங்க போயி ஆடா அறுக்கப் போறாளுவ?"

"முளை சீவணும்மா. கயிறு அறுக்கணும், பழம் வெட்டணும்."

"பழத்தப் பல்லால கடிக்கட்டும். பொட்டப்புள்ள பையில கத்தி இருந்தா பாக்கவன் என்ன சொல்லுவான்?"

"மாட்டுங்கா பிள்ளைகள் எல்லாம் கொண்டு வருதும்மா."

"அவுக கொண்டு போனா கேம்ப்பு. நம்ம கொண்டு போனா கேஸு," என்றாள் அம்மா. கை நிற்கவே இல்லை, கோஸ் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது.

தங்கை தலையைத் தூக்காமல், "அக்கா, நீயே போயி வாங்கு. ஆனா நீ சொல்லித்தர வேண்டாம். நீ கத்தி வச்சு வெங்காயம் வெட்டுனா சோறு நாளைக்குத்தான்" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் சம்மதம் வாங்கிவிட்டேன்.

தங்கை சொன்னது பொய்யில்லை. நான் படிக்கும்போது அருவாமணைப் பக்கமே அம்மா என்னை விட்டதில்லை. "நீ படிட்டி" என்று விரட்டுவாள். பிறகு செம்பூரில் ஒரு வீட்டில் டியூஷன் எடுக்கப் போனபோது, அந்த வீட்டம்மா நின்றுகொண்டே பலகையில் வைத்துக் கத்தியால் நறுக்குவதைப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன். முதல் சம்பளத்தில் ஒரு பலகையும் கத்தியும் வாங்கி வந்தேன். அந்தப் பலகையில் இப்போது கேஸ் லைட்டரும் தீப்பெட்டியும் இருக்கின்றன.

அந்த வாரம் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. தாராவித் தொண்ணூறு அடி ரோட்டு ஹார்டுவேர் கடையில் பட்டன் அமுக்கினால் பாய்கிற கத்தியைக் காட்டினார்கள். அதைத் தொடக்கூட இல்லை. சயானில் ஒரு கடையில் கறுப்பு அலகும் முதுகில் ரம்பப் பல்லும் கைப்பிடியில் மண்டையோடுமாக ஒன்று இருந்தது. போனில் தேடினால் மலிவானதற்கெல்லாம் அலகு ஆடுகிறது என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் நின்றபடியும் லிஃப்டுக்குக் காத்திருந்தபடியும் படித்துக்கொண்டே இருந்தேன். குழு சொன்னது, அலகு பிள்ளையின் உள்ளங்கை அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. மும்பைக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பிள்ளையின் நகத்துக்குத் திறக்க வேண்டும், ஆனால் பைக்குள் தானாகத் திறக்கக் கூடாது. விரித்த அலகை அசையாமல் பிடிக்கிற பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் குழப்பம். பூட்டு இருந்தால் அலகு விரலில் மடங்காது என்றார்கள் சிலர். அந்தப் பூட்டைத் திறக்கும்போதே பிள்ளைகள் விரலை அலகின் வழியில் வைத்துவிடுகிறார்கள் என்றார்கள் வேறு சிலர்.

கடைசியில் செம்பூரில் மலையேற்றச் சாமான் விற்கிற கடையில் சிவப்புக் கைப்பிடி போட்ட குட்டிக் கத்தி ஒன்றை வாங்கினேன். பூட்டு இல்லாதது. அலகு என் சுண்டுவிரல் நீளம். கூடவே ஒரு கத்தரி, ஒரு டப்பாத் திறப்பான், முள் எடுக்கிற இடுக்கி. பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தது, எனக்கு அதுதான் பிடித்தது. "பச்சா லோக் கே லியே யஹி சேஃப் ஹை, மேடம்" என்றான் கடைக்காரன், பிள்ளைகளுக்கு இதுதான் ஆபத்தில்லாதது என்று. பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறங்கியதும் தாராவி முனையில் போலீஸ்காரர் ஒருவர் பைக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தார். என்னை யாரும் நிறுத்தவில்லை. இருந்தும் நடையை வேகப்படுத்தி, அது சந்தேகமாகத் தெரியுமோ என்று மறுபடியும் மெதுவாக்கினேன்.

தங்கை கத்தியை வாங்கி நகத்தால் திறந்தாள். மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வலது கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கைப்பிடியைக் கவ்வி, கூர்முகம் தன்னைப் பார்க்கிற மாதிரி அலகை நிமிர்த்தி வைத்து, கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து அதில் தள்ளினாள். கிழங்கு இரண்டாகப் பிளந்தது.

"என்னட்டி இது, அருவாமணையா?" என்று கத்தினேன்.

"வெட்டிட்டுல்லா? பொறவு என்ன?"

"இது கையில பிடிச்சு வெட்டுறது."

"கையில பிடிச்சா கிழங்க எதால பிடிக்க?"

சிரித்துக்கொண்டேதான் பேசினோம். கிழங்கு வரை சிரிப்பாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் முனிசிபாலிட்டிக்காரர்கள் வெட்டிப் போட்ட கிளையிலிருந்து ஒரு குச்சி எடுத்து வைத்திருந்தேன். அதைச் சீவும்போது கைப்பிடி கால்விரலில் நிற்காமல் வழுக்கியது. அவள் கத்தியை இடது கைப் பிடிக்குள் எடுத்து முழங்காலோடு அழுத்திக்கொண்டு, வழக்கம்போலக் குச்சியை அதன் மேல் தள்ளினாள். குச்சி அலகில் சிக்கியது. எடுக்கப் பின்னால் இழுத்தாள். அலகும் குச்சியோடு சேர்ந்து வந்து, பூட்டில்லாததால் அவள் ஆள்காட்டிவிரல் மேல் மடங்கியது.

ஆழமில்லை, ஒரு பிளாஸ்திரி போதுமாக இருந்தது. ஆனால் அம்மா பார்த்துவிட்டாள்.

"கேம்ப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். படிச்சவ வாங்கிட்டு வந்த லச்சணத்தப் பாரு."

தங்கை அழவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மலையில் ராத்திரி எத்தனை நட்சத்திரம் தெரியும் என்று முந்தின நாள் என்னிடம் கேட்டிருந்தாள். எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, அது எதிர்வீட்டுத் தகரத்தைப் பார்த்திருக்கிறது. நான் அம்மாவிடம் விடாமல் பேசினேன். பாத்திரம் தேய்க்கும்போது பேசினேன், தண்ணீர் பிடிக்கப் போகும்போது பின்னாலேயே போய்ப் பேசினேன். கடைசியில் அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கெழம நானும் வாரேன். என் கண்ணு முன்னால சீவட்டும். ஒரு கீறல் விழுந்தாலும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன்."

மறுநாளிலிருந்து முறையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இடது கையில் குச்சி அசையாமல் இருக்க வேண்டும், வலது கையில் கத்தி உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். வீடியோவில் இருந்தது அதுதான். அவள் இரண்டு தடவை செய்வாள், மூன்றாவது தடவை கத்தியை நிறுத்திக் குச்சியைத் தள்ளப் போவாள். நிமிஷத்துக்கு ஒரு கோஸ் அரிகிற பெண், ஒரு குச்சியின் முன்னால் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பாத்துக்கிட்டே இருக்கேன், வேணும்னுதான் செய்யுதியா?"

"கத்தி நகந்தா எனக்குப் பயமா இருக்குக்கா. அது நின்னாத்தான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் ஆபீசுக்குப் பஸ்ஸில் போகும்போது அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி நினைத்தேன். ஆபீசில் கணக்கில் மனம் ஒட்டவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ஃபைல் அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையில் போட்டு வந்திருந்த சிவப்புக் கத்தியை எடுத்து ஒரு பென்சிலை அவள் மாதிரியே சீவிப் பார்த்தேன். கத்தி நகரக் கூடாது என்றால் நகராமலே இருக்கட்டும். கூர்முகம் மட்டும் ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? கத்தி பிடித்த கையை முழங்காலின் பக்கவாட்டில் ஊன்றி, கூர்முகத்தை வெளிப்பக்கம் திருப்பினேன். பென்சிலை அதற்கு அப்பால் நீட்டி, என் பக்கம் இழுத்தேன். சுருள் முன்னால் போய் விழுந்தது. கத்தி அசையவில்லை. பென்சில் பிடித்த கை எப்போதும் கத்திக்கு இந்தப் பக்கமே இருந்தது, அலகைத் தாண்டி அது போகவே இல்லை. இன்னொரு பென்சில் எடுத்தேன். பிறகு இன்னொன்று.

எதிர் மேஜைக்காரி வந்து நின்றாள். "ஆபீஸ் பென்சில் எல்லாத்தையும் தீத்துட்டியா? மாவு அரைக்கற மாதிரி உக்காந்திருக்கே!"

"நாளைக்கு நான் வாங்கித் தரேன்," என்றேன். எனக்கு அங்கிருந்து உடனே கிளம்ப வேண்டும்போல இருந்தது. ஏனென்றால் இப்படிச் சீவுவதற்குச் சிவப்புக் கத்தி ஆகாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. முழங்காலில் ஊன்றிப் பிடிக்க அதன் கைப்பிடி போதவில்லை. குச்சி சிக்கினால் மடங்காமலிருக்கப் பூட்டும் வேண்டும், விரல் அலகின் வழியில் வராத பூட்டாக. நான் கத்தியைக் கத்திக்காகவே தேடியிருந்தேன். அவள் எப்படி வெட்டுகிறவள் என்று பார்த்துத் தேடியிருக்க வேண்டும்.

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம், விதையும் பூந்தொட்டியும் செடி வெட்டுகிற கத்தரியும் விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே மரக் கைப்பிடி போட்ட மடக்குக்கத்தி இருந்தது. அலகின் அடியில் ஓர் உலோக வளையம். அதைத் திருகினால் அலகு நின்றுவிடும், எதிர்ப்பக்கம் திருகினால் மடங்கும். கைப்பிடி என் தங்கையின் பிடிக்கு நிறைவாக இருக்கும் என்று என் கையில் வைத்தே கணக்குப் போட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தோட்டம் எங்கேம்மா இருக்கு?"

"தாராவியில்."

"தாராவில தோட்டமா! என்ன போட்டிருக்கே?"

"ஒரு தங்கச்சி," என்றேன். அவர் சிரிக்கவில்லை. விலை மட்டும் சிவப்புக் கத்தியில் பாதிதான் சொன்னார். மலையேற்றம் என்ற பெயர் ஒட்டாததால்தான் அந்த விலை என்று நினைக்கிறேன்.

முனை மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி சிமெண்டில் முனையை உரசி மழுக்க ஆரம்பித்தேன். கீழ்வீட்டு அத்தை வெளியே வந்து, "ஏட்டி, பல்லு கூசுது! வெள்ளிக்கெழம வெளக்கு வைக்க நேரத்துல கத்தி தீட்டுதா பாரு!" என்று சத்தம் போட்டாள். தீட்டவில்லை, மழுக்குகிறேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

தங்கை முதல் தடவை பிடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "அருவாமணை அந்தப் பக்கம் திரும்பி உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். தள்ளிப் பழகிய கை இழுக்கப் பழக வேண்டும். ஒரு குச்சி வீணாயிற்று, இன்னொன்றும் வீணாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் மூட்டை வருவதற்கு முன்னால் அவளுக்குத் தாளம் கிடைத்துவிட்டது. சர்ரென்று ஒரே நீளமாகச் சுருள் வந்தது. அம்மா பார்க்காத மாதிரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்திருந்தார்கள். கையை நீட்டிச் சுற்றினால் பக்கத்துப் பிள்ளை மேல் படாத அளவுக்கு இடைவெளி. பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். குழுவை நடத்துகிற மேடம் அம்மாவைவிடப் பெரியவர், குட்டைத் தலைமுடி, மண் படிந்த ஷூ. கத்தியை வெளியே தள்ளிச் சீவுவதைச் செய்துகாட்டிவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார். எல்லாப் பிள்ளைகளும் தள்ளினார்கள். என் தங்கை முழங்காலில் கையை ஊன்றி, குச்சியை இழுத்தாள்.

மேடத்தின் விசில் ஒலித்தது.

"ஏய் பொண்ணே, நிறுத்து. நான் என்ன காமிச்சேன், நீ என்ன பண்ணிண்டிருக்கே?"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள், பிடி இறுகியது. நான் கயிற்றைத் தாண்டப் போனேன். மேடம் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு இப்படிச் சொல்லித் தந்தா?"

தங்கை என் பக்கம் திரும்பவில்லை. "கத்தி நின்னாத்தான் எனக்கு வரும், மேடம்."

"கூர் எந்தப் பக்கம் பாக்கறது?"

"வெளிய."

"கட்டை பிடிச்ச கை?"

"உள்ள. கத்தியத் தாண்டாது."

"மாட்டிண்டா?"

"இழுக்க மாட்டேன், தள்ள மாட்டேன். மேல தூக்கி எடுத்துருவேன்."

மேடம் கத்தியை வாங்கி, வளையத்தைப் பார்த்து, அலகின் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மடங்கவில்லை. தன் முழங்காலிலேயே ஊன்றி ஒரு குச்சியை இழுத்துப் பார்த்தார். முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாம் தடவை வந்தது. "ம்" என்றார். "முடி, பாக்கலாம்."

அவள் முடித்தாள். எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாது, நான் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றேன். மேடம் முளையைத் தரையில் அடித்து, ஷூவால் பக்கவாட்டில் ஓர் உதை விட்டார். முளை நின்றது.

"இவ வரலாம்."

அம்மா என் கையை விட்டுவிட்டு நேராக மேடத்திடம் போனாள். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன்.

"எம்மா, ராத்திரி கக்கூசுக்கு எங்க போவும் பிள்ளைய?"

"மூணு பேர் சேர்ந்துதான் போவா. நானும் கூட வருவேன்."

"படுக்கது?"

"கூடாரத்துல. நாலு நாலு பொண்ணா."

"கதவுப் பக்கம் யாரு படுப்பா?"

"கூடாரத்துக்குக் கதவு கிடையாதும்மா, ஜிப்பு."

"ஜிப்பா!" அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை ஏன் நீ முதலிலேயே சொல்லவில்லை என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு மேடத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அப்படின்னா கத்தி அவ கையிலயே இருக்கட்டும்."

மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராத்திரி எல்லாக் கத்தியும் டப்பாவுக்குள் போட்டுப் பூட்டிவிடுவது வழக்கம் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பகலில் யார் வந்து என்ன செய்துவிடப் போகிறார்கள், ராத்திரிதானே வேண்டும் என்று வாதாடினாள். இருவரும் மரத்தடியில் நின்று, டப்பா எந்தக் கூடாரத்தில் இருக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று பேசிக்கொண்டே போனார்கள். நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தேன். "நீ சும்மா இரிட்டி, நாங்க பேசிக்கிட்டுல்லா இருக்கோம்" என்றாள் அம்மா.

தங்கை வளையத்தைத் திருகிக் கத்தியை மடக்கிப் பையில் போட்டாள். பக்கத்தில் இருந்த செம்பூர்ப் பெண் ஏதோ கேட்க, மறுபடி வெளியே எடுத்தாள். மூடு, போதும், வீட்டுக்குப் போகலாம் என்று நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து சைகை காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த குச்சியை எடுத்தாள்.